ராட்டினம் ஏற ஒரு வியாழக்கிழமை

“அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்…”

“பேசாம ஷூவைப் போடு, டெஸ்ஸா. நீ ஒரு நாள் வரலைன்னா போதும், ‘பார்த்தியா, பயந்துட்டா’ன்னு சொல்லுவாங்க.”

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, ஹாலிஸ் மிஸ் படத்தை வகுப்புக்குக் காட்டினார். புத்தகம் நேற்றுதான் பள்ளிக்கு வந்திருந்தது. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த அலபாமா பள்ளியொன்றில் முதன்முதலாகச் சேர்ந்த கறுப்புச் சிறுமி டெஸ்ஸாவின் கதை. படத்தில் அவள் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஒரு ராட்டினம்.

“அன்னிக்கு எதுக்கு மிஸ் லீவு கேட்டா?” என்றாள் மேஸி.

“பொருட்காட்சி. அப்பல்லாம் கறுப்பு ஜனங்களை வியாழக்கிழமை மட்டும்தான் உள்ளே விடுவாங்க. அவங்க பிள்ளைங்க ஸ்கூலுக்கு அன்னிக்கு லீவு. இவ சேர்ந்த ஸ்கூலுக்கோ வெள்ளிக்கிழமை லீவு.”

பக்கத்தில் இருந்த ஜேலன் யோசித்தான். “அப்போ ரெண்டு நாளும் போச்சா? நானா இருந்தா வயித்து வலின்னு உருண்டிருப்பேன்.”

“போன வாரம்கூட உருண்டியே” என்றார் மிஸ்.

வகுப்பே சிரித்தது. ஜேலன்தான் அதிகம் சிரித்தான்.

“அப்புறம் என்னிக்கு மிஸ் ஏறினா?”

“ஏறவே இல்லை. பின்னாடி எல்லாரும் எல்லா நாளும் போகலாம்னு ஆச்சு. ஆனா போனா வியாழக்கிழமைதான் போவேன்னு அவளுக்கு ஒரு பிடிவாதம். வியாழக்கிழமைன்னா ஸ்கூல் இருக்கே.”

“அவங்கம்மாகிட்ட மறுபடி கேட்டிருக்கலாம்ல?”

“அவங்கம்மாவை நீ பார்த்ததில்லை, மேஸி.”

மணி அடித்தது. ஹாலிஸ் மிஸ் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார்.

“சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்.”

தலைமை ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லையே, மிஸ். தாராளமா எடுத்துக்குங்க.”

“நீங்க சொன்னா மட்டும் போதாது, சார்.”

வராந்தாவுக்கு வந்து கைபேசியை எடுத்தார். மறுமுனையில் எண்பதைத் தாண்டிய ஒரு குரல் அதட்டியது.

“ஸ்கூல் நேரத்துல என்ன போன், டெஸ்ஸா?”

“அம்மா… ஊர்ல பொருட்காட்சி நடக்குது. நாளைக்கு வியாழக்கிழமை. ஒரு நாள் மட்டும் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு, ராட்டினம் ஏறப் போகட்டுமா?”