வெயில் ஏறுமுன் ஓர் அடக்கம்

வெள்ளைத் துணி சுற்றியதைக் குழிக்குள் இறக்கினார்கள். செங்கல் சூளையில் சுமை தூக்கியே முதுகு வளைந்த மஹ்ரூஸ் முதல் பிடி மண்ணைப் போட்டார்.

"அழு ஸனூபா, நல்லா சத்தமா அழு" என்றார் மனைவியிடம். "லிபியாவுல வேல செஞ்ச உன் அண்ணன் பொணமாத் திரும்பியிருக்கான்ல."

ஸனூபா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு யாரும் நிற்கவில்லை. பள்ளிவாசல் இமாமும் வரவில்லை. "வெயில் ஏறுது, மூடுங்கப்பா" என்று பக்கத்து வீட்டு ஷாபான் அவசரப்படுத்தினான்.

மண்ணை மேடாக்கும்போதே நகராட்சி ஜீப் வந்து நின்றது. திட்டப் பிரிவு இன்ஜினியர் நெர்மின், சுருட்டிய வரைபடத்தோடு இறங்கினார்.

எகிப்தின் ஃபயூம் நகரைச் சுற்றி அடுத்த இருபது வருஷத்துக்கு எந்த நிலம் எதற்கு என்று அதில் வண்ணம் அடித்திருந்தது. போன வருஷம் அதை நகராட்சிச் சுவரில் ஒட்டியபோது, இந்தச் சூளைக்காரர் குடியிருப்பின் நடுவில் பெரிய ரோடு ஓடியது.

"இன்ஜினியரம்மா, மண்ணுகூடக் காயல" என்றார் மஹ்ரூஸ். "கபர் மேல ரோடு போடுவீங்களா?"

நெர்மின் தலை குனிந்தார். "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும், மாமா. கபர் மேல யாரு ரோடு போடுவா?"

ஷாபான் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

"ரோடு வேணாம்னு நீங்க குடுத்த மனுவைப் படிச்சு, ரோட்டைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் தள்ளிட்டோம். வீடுகளுக்குப் பட்டா தரலாம்னு சொல்லத்தான் வந்தேன்."

மஹ்ரூஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நெர்மின் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். "ஆனா கபர்ஸ்தானுக்கு எந்த ஊரும் இடம் தர மாட்டேங்குது. ஏற்கெனவே கபர் இருக்கற நிலமாப் பார்த்துக் குறிங்கன்னு மேலிடத்து உத்தரவு." கறுப்புப் பென்சிலை எடுத்து, குடியிருப்பைச் சுற்றிக் கோடு இழுக்கத் தொடங்கினார்.

"ஐயோ அம்மா, உள்ள ஆளே இல்ல! தவிட்டு மூட்டை! டேய் ஷாபான், சொல்லேன்டா!"

"சத்தியமா தவிடுதாம்மா. என் கழுதைக்கு வாங்கினது!"

"நிலம் போகுதுன்னதும் செத்தவனையே இல்லைன்னுடுவீங்களா?" பென்சில் நிற்கவில்லை.

மஹ்ரூஸ் கபரைத் தோண்ட மண்வெட்டியை ஓங்கினார். ஜீப் டிரைவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பெருசு, மூடின கபரைத் தோண்டினா ஜெயிலு! பாவம் வேற!"

ஸனூபா முக்காட்டை விலக்கினாள். இப்போது கண்ணீர் வந்திருந்தது, சத்தம்தான் வரவில்லை.

நெர்மின் வரைபடத்தைச் சுருட்டினார்.

"வீடுகளைக் காலி பண்ணுங்க மாமா. இனிமே இங்க செத்தவங்களுக்கு மட்டும்தான் இடம்."