சிவப்புக்கு நீலம்

“சிவப்புன்னு எழுதி வச்சதை நீலமா மாத்துறவரை என்னன்னு சொல்றது மேடம்?”

அஷ்லின் கேட்டதும் ரேணுகாதேவி சிரித்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. ரேணுகாதேவிதான் முதலாளி; அஷ்லின் அங்கே புரோகிராம் எழுதுகிறவள்.

“யாரு, சாம்ராஜா? வேலையை விட்டுப் போயும் அவன் குப்பை நம்மளை விடலையே!”

விஷயம் இதுதான். பாளையம்பட்டி தாண்டி ஒரு நூல் மில்லில், எந்த மெஷின் ஓடுகிறது, எதில் நூல் அறுந்தது என்று காட்டும் திரை ஒன்று இருக்கிறது. ஓடினால் பச்சைக் கட்டம், அறுந்தால் சிவப்பு. ‘சிவப்பு’ என்ற சொல் திரைக்குப் புரியாது. அதை எண்ணாக மாற்றித் தர ஒரு துண்டுப் புரோகிராம் வேண்டும். ஒருமுறை மாற்றியதை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுப்பதுதான் உலக வழக்கம்.

சாம்ராஜ் எழுதியதோ, திரை முன் உட்காரும் ஆள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக மாற்றியது. அந்த ஆள் எழுந்து போனதும், விசேஷத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரம் மாதிரி உடனே திருப்பிக் கொடுத்துவிட்டது. போதாக்குறைக்கு, ஒரே ஒரு ஆள் தன் நம்பரைத் தட்டி உட்கார்ந்தால் மட்டும் சிவப்பு நீலமாகிவிடும். ஏன் என்று ஒரு வரி விளக்கம் இல்லை.

“சோதனைக்குப் போட்டு மறந்திருப்பாரு மேடம். இப்படி எழுதுற ஆளுக்கு யாரு வேலை குடுத்தது?”

“நான்தான்மா. சுத்தம் பண்ணிட்டு வா.”

அஷ்லின் அந்த நீலத்தையும் சேர்த்துச் சுத்தம் பண்ணினாள். அடுத்தவர் குற்றத்தைத் துடைப்பதில் இருக்கிற சுகமே தனி. மறுநாள் மில்லுக்குப் போய், புது புரோகிராமை ஏற்றிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஷிப்ட் மாறியது. திரையைப் பார்த்துக்கொள்ளும் பாண்டீஸ்வரன் வந்து, தன் நம்பரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“வாங்க தங்கச்சி. புதுசா ஏதோ போட்ருக்கீகளாம்ல?”

“ஆமாண்ணே. இனிமே சட்டு சட்டுன்னு ஓடும் பாருங்க.”

கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டம் பளிச்சென்று சிவந்தது. பாண்டீஸ்வரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நூலை ஒட்ட ஆள் கூப்பிடும் பெல்லை அழுத்தவில்லை.

“அண்ணே… நூலு அறுந்திருச்சுண்ணே.”

“எதுல தங்கச்சி?” அவர் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனார். “எல்லாம் ஓடுதுன்னுல்ல காட்டுது?”

அஷ்லினுக்குப் புரிவதற்குள் கதவு படாரென்று திறந்தது. மேனேஜர் சுப்புராஜ்.

“ஏப்பா பாண்டி, அங்க நூலு அறுந்து பஞ்சு பறக்குது! திரையில கட்டம் மாறுனது உனக்குத் தெரியலையா?”

பாண்டீஸ்வரன் எழுந்து நின்றார். அஷ்லினை ஒரு பார்வை பார்த்தார். வேலை போகப் போகிறதென்று தெரிந்துவிட்ட மனுஷனின் பார்வை அது. பச்சையில் சிவப்பு வந்ததே அவருக்குத் தெரியவில்லை என்பதும், ஒரு நம்பருக்கு மட்டும் நீலம் ஏன் என்பதும் அஷ்லினுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

“சார், அவங்க மேல தப்பில்ல. நான் மாத்துனதுல கோளாறு. நிறம் நேரத்துக்கு மாறல.”

“பழசு நல்லாத்தானேம்மா ஓடுச்சு? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு! பழையபடியே போட்டுட்டுப் போங்க.”

அவர் போனபின் பாண்டீஸ்வரன் மெதுவாகச் சொன்னார்.

“எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான் தங்கச்சி. நீலம் தெரியும். சாம்ராஜ் தம்பிக்கு மட்டுந்தான் இது தெரியும். மேனேஜருக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்ருவாக. திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்ட நம்பி இனிமே பொழைக்க முடியுமா?”

அஷ்லின் பழையதை எழுத்துப் பிசகாமல் திரும்பப் போட்டாள். அடுத்து அறுந்த நூலுக்குக் கட்டம் நீலமாக மாறியது. பாண்டீஸ்வரனின் விரல் கண்ணிமைக்கும் முன் பெல்லில் இருந்தது.

வெளியே வந்து சாம்ராஜுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, மாத்துன நீலத்தை வச்சுக்கிடாம, பாண்டி அண்ணன் எந்திரிச்சதும் ஏன் விட்டுர்றீங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுச்சு.”

“வச்சுக்கிட்டா அடுத்த ஷிப்ட் ஆளுக்கும் நீலமால்ல வரும்? ஏன்னு கேப்பாக. கேட்டா விஷயம் வெளிய வந்துரும்.”

“ஒரு வரி விளக்கமாவது எழுதியிருக்கலாம்ல? இங்க எல்லாரும் உங்களை அரைகுறைன்னு பேசுறோம்.”

“எழுதுனா, தெறந்து பாக்குறவுக எல்லாம் படிப்பாகல்ல? என்னைய அரைகுறைன்னா சொல்லிட்டுப் போகட்டும் அஷ்லின். பாண்டி அண்ணனுக்குப் பொழப்பு நிக்கணும்.”

இத்தனை நாள் இந்த மனுஷனையா கேலி பேசினோம் என்றிருந்தது அஷ்லினுக்கு.

மறுநாள் ரேணுகாதேவி கம்ப்யூட்டரைத் திறந்தவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா இது? சிவப்புக்கு நீலம் அப்படியே இருக்கு!”

“மில்லுல பழையபடிதான் வேணும்னுட்டாங்க மேடம். அதையே என் பேருல திரும்பப் போட்டுட்டேன்.”

“சரி, ஏன்னு ஒரு வரி விளக்கமாவது இருக்கா? இப்படி எழுதுற ஆளுக்கு யாரும்மா வேலை குடுத்தது?”

“நீங்கதான் மேடம்,” என்றாள் அஷ்லின். “இப்ப இதை எழுதுனது நான்.”