ரெண்டு பக்கமும் சொந்தம்

"இருபத்தொரு வயசு ஆகலைன்னா இங்க நிக்கக் கூடாது. நடந்துக்கிட்டே இரு," என்றான் காவலாளி.

அப்போதிருந்து நடக்கிறேன்.

லாஸ் வேகாஸில் வந்து இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் சூதாட்ட மாளிகையில் ஒரு கடிகாரம் கிடையாது, ஒரு ஜன்னல் கிடையாது. கூரையில் வானத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். நட்டநடு மத்தியானத்தில் அது சாயங்காலமாகிறது, கொஞ்ச நேரத்தில் விடிகிறது.

வாசலில் தண்ணீர் பாட்டுக்குத் தகுந்தபடி ஆடுகிறது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பதினைந்து மைல் தள்ளிப் போய்ப் பீப்பாயில் பிடித்து வர வேண்டும். "அடப் பாவிகளா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் அங்கேதான் பிடித்தது. இந்த ஊரில் நான் எப்படிக் கத்தினாலும் இப்படித்தான் இருக்கும்.

பெரியம்மா மகள் ரோலண்டா இங்கே ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். எனக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தாள். மாளிகை வாசலுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்றாள், மகராசி. எந்த வாசல்? ஆறு இருக்கிறது. என் போனில் சார்ஜும் இல்லை.

எங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் காணாமல் போன பெண்களின் படம் ஒட்டியிருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு என் வயது, பத்தொன்பது, இருபது. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

நாலாவது சுற்றில் ஒருவன் என் பக்கத்திலேயே நடந்து வந்தான். நாற்பது வயதிருக்கும். விரலில் நீலக்கல் மோதிரம், தலையில் குதிரைக்காரத் தொப்பி. எங்கள் மொழியில் வணக்கம் சொன்னான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் நவஹோப் பழங்குடியில் இருவர் சந்தித்தால் முதலில் குலம் சொல்ல வேண்டும். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா வழியில் கசப்புத்தண்ணிக் குலம், அப்பா வழியில் உப்புக் குலம், பெயர் டெல்வினா, அக்கா ரோலண்டாவைக் காணோம்.

"அடடே, நானும் கசப்புத்தண்ணிதான்! அப்ப உனக்குத் தாய்மாமன் முறையாச்சே. ரோலண்டாவ எனக்குத் தெரியாதா? வா மருமகளே, கார் கீழதான் நிக்குது."

தாய்மாமன்! போன உயிர் திரும்பி வந்தது. என் பையைக்கூட அவனே வாங்கிக்கொண்டான். அந்த இரைச்சலும் விளக்கும் திடீரென்று அழகாகத் தெரிந்தன. ரோலண்டாவை என்னவெல்லாம் திட்டலாம் என்று யோசித்தபடி பின்னால் போனேன்.

லிஃப்டில் ஏறினோம். அவன் பொத்தானை அழுத்தினான். சும்மா நிற்பது மரியாதை இல்லையே என்று கேட்டேன்.

"அப்பா பக்கம் எந்தக் குலம் மாமா?"

"அதுவும் கசப்புத்தண்ணிதான்," என்று சிரித்தான். "ரெண்டு பக்கமும் உனக்குச் சொந்தம்!"

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரே குலத்தில் கட்டுவது எங்களுக்குக் கூடப்பிறந்தவனைக் கட்டுகிற மாதிரி. அப்படி ஒரு அம்மா அப்பா எங்கள் சனத்தில் கிடையாது. நேற்றுப் பேச ஆரம்பித்த குழந்தைகூட இந்தப் பதிலைச் சொல்லாது.

கசப்புத்தண்ணி என்று முதலில் சொன்னது நான். ரோலண்டா பெயரை எடுத்துக் கொடுத்ததும் நான்.

லிஃப்டின் கதவு அப்போதுதான் மூட ஆரம்பித்திருந்தது. பையை அவன் கையிலேயே விட்டுவிட்டு, இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே போய் விழுந்தேன்.

அவன் துரத்தவில்லை. பதறவும் இல்லை.

"மருமகளே," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். என் சொந்த மாமாகூட அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை.