ஒழுகாத வீட்டில் ஒரு டம்ளர் டீ

ஐப்பசி மழை, பூதலூரையே பெயர்த்துக் காவிரியில் சேர்த்துவிடும் வேகத்தில் கொட்டுகிறது. ஜன்னத் பீவியின் புதுவீட்டுக் கூடத்தில் கோர்ட் அனுப்பிய கமிஷனர் அண்ணாந்து நிற்கிறார். தளம் ஒழுகுகிறதா என்று பார்த்து எழுத வேண்டியவர் அவர். கறையே இல்லை. வீட்டைக் கட்டிய காண்டிராக்டர் நெடுமாறன் முந்தாநாள்தான் வலிய வந்து வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார். கொக்கு பார்த்தால் கூசிப்போகும் வெள்ளை. ஒழுகவில்லை என்று கமிஷனர் எழுதிவிட்டால், நெடுமாறன்மேல் பீவி போட்ட வழக்கு இன்றோடு செத்தது. பீவியின் விரல்கள் முக்காட்டு நுனியைப் பிழிகின்றன. அவருடைய வக்கீல் பூவிழியோ ஒரு சட்டப்புத்தகத்தையும் திறக்கவில்லை. பீவியின் காதோடு ஏதோ கேட்டவர், நாற்காலியையும் ஸ்டூலையும் இரண்டடி தள்ளிப் போடுகிறார். "உக்காருங்கண்ணே, டீ சாப்பிட்டுட்டே பேசலாம்." நெடுமாறன் உட்கார்ந்து, டம்ளரை ஸ்டூலில் வைக்கிறார். "இந்தத் தளத்துல ஒரு சொட்டு எறங்கினா மீசைய எடுத்துடறேங்க." அந்த வெள்ளையில் முத்துப்போல் ஒன்று திரண்டு, டொக்கென்று அவர் டம்ளருக்குள்ளேயே இறங்குகிறது. பின்னாலேயே இன்னொன்று. அவர் பேசுகிறார், குடிக்கிறார், மறுபடி பேசுகிறார்; டம்ளர் குறைந்தபாடில்லை, அட்சயபாத்திரம் பிச்சை வாங்க வேண்டும். பீவிக்குச் சிரிப்பை ஒளிக்க முக்காடு போதவில்லை. இந்த வக்கீல் பெண்ணை மடியில் போட்டுக் கொஞ்சலாம் போலிருக்கிறது அவருக்கு. பூவிழி கண்ணால் மட்டும் கமிஷனருக்கு டம்ளரைக் காட்டுகிறார். ஆறாவது மடக்கில் நெடுமாறன் முகம் சுளிக்கிறார். "என்னம்மா டீ, வரவரத் தண்ணியா இருக்கு?" கமிஷனர் பேனா மூடியைக் கழற்றி, அந்தக் கேள்வியை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்கிறார்.