பூங்காக் கோபுரத்தின் காவல்

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், அரசர் காலத்துப் பூங்காக் கோபுரத்தைப் பனியோடு படமெடுக்க என் கணவர் சத்தியரூபன் நீள லென்ஸைக் கொண்டுவந்திருந்தார்.

"நீரும் வாசலில நில்லும், வடிவா இருக்கும்."

"குளிருக்குள்ள நான் சிலையாகிடுவன். கெதியா எடுங்கோ!"

அப்போது பூங்காவின் துப்பாக்கி பூட்டிய காவல் ட்ரோன் இரைந்தபடி தாழப் பறந்து வந்தது. வன்னியில் குண்டுவீச்சுக்குப் பழகிய உடம்பு. அவர் யோசிக்காமல் பனியில் குப்புற விழுந்தார். கையில் பிடித்திருந்த கமராவின் லென்ஸ் என்னை நோக்கி நீண்டிருந்தது. ட்ரோன் அதைத் துப்பாக்கி என்று முடிவெடுத்தது. முதல் குண்டு கமராவையும் விரல்களையும் சிதறடித்தது. அடுத்தது கழுத்தைக் கிழித்தது.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். என் அலறலில் மொழியைக் கண்டுகொண்ட ட்ரோன், தலைக்குமேல் நின்று நல்ல தமிழில் சொன்னது:

"பயப்பட வேண்டாம் அம்மா. உங்களைக் குறிவைத்தவர் இறந்துவிட்டார்."