கோழிப்பண்ணைக்கு லேப் ஆள் தேவை

நாமக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தக் கோழிப்பண்ணையின் அலுவலக அறையில் மின்விசிறி வேகமாகத்தான் சுற்றியது. ஜீவாவுக்கு மட்டும் வியர்த்தது.

பண்ணை லேபுக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள். முதலாளி மருதாசலமே நேரில் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார். இந்த வேலை கிடைத்தால்தான் மைதிலியோடு நிச்சயதார்த்தம் என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். நுண்ணுயிரியலில் இரண்டு முறை கோட்டைவிட்ட ஜீவா என்ன செய்வான்? பண்ணைக் கிளார்க் அன்பரசுவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே கறந்து, அர்த்தம் புரியாமலே உருப்போட்டு வந்திருந்தான்.

"குஞ்சு ஆணா பொட்டையான்னு முடிவு பண்றது சேவலா, கோழியா?"

"கோழிதானுங்க. மனுசங்களுக்குத்தான் ஆம்பளை."

"சால்மோனெல்லா?"

"முட்டையில வர்ற பாக்டீரியாங்க. கிராம் நெகட்டிவ்."

"வைரசுக்கு ஆன்டிபயாடிக் கேக்குமா?"

"கேக்காதுங்க."

ஒன்றுகூடத் தப்பவில்லை. மருதாசலம் கண்ணாடியை இறக்கி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒன்றிரண்டைத் தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமோ? குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்று ஜீவா பயந்தான்.

அடுத்து உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், இதே வேலைக்கு வந்திருந்த கௌசிக். அவனுக்கும் அதே கேள்விகள்.

"சால்மோனெல்லான்னா?"

"சீமைக் கோழிச் சாதிங்களா?"

"வைரசு?"

"நல்லாக் கொழுத்த பாக்டீரியாங்க."

"உனக்கு எவன் சாமி டிகிரி குடுத்தான்? கோழி கிளறுன குப்பையில பொறுக்குனியா?"

கௌசிக்கும் சேர்ந்து சிரித்தான். ஜீவாவுக்கு உயிர் வந்தது.

மருதாசலம் எழுந்து கௌசிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கே வந்து சேந்துக்க, சாமி."

அவன் வெளியே போனதும் ஜீவா துள்ளி எழுந்தான். "ஏனுங்க, நான் எல்லாம் சரியாத்தானுங்களே சொன்னேன்?"

"அதுதான் தம்பி இடிக்குது." மருதாசலம் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடைசி ஷெட்டுல கோழி கொத்துக்கொத்தாச் செத்துட்டிருக்குது. அந்த முட்டை கப்பலேறோணும். கிருமி இல்லைன்னு கையெழுத்துப் போடறவனுக்குக் கிருமின்னா என்னன்னு தெரியலாமா?"

"ஐயோ, எனக்கும் ஒண்ணுமே தெரியாதுங்க! அத்தனையும் அன்பரசு குடுத்த பதில். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேனுங்க!"

மருதாசலம் முகத்தைச் சுளித்தார்.

"ஒரு வேலைக்காக இப்படிப் புளுகறியே! எந்திரிச்சுப் போ தம்பி, நம்ம பண்ணையில யோக்கியனுக்குத்தான் இடம்."