மூலைக்கட்டைக்குக் கிடைத்த கைத்தட்டல்

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டி அந்தக் கூடத்தில் மூன்று மாதமாக நடந்தது. இறுதிச் சுற்றில் நீலச்சட்டை வீரர் முதல் பந்தை உருட்டினார். ஒன்பது கட்டைகள் சாய்ந்தன. வலது மூலைக்கட்டை மட்டும் ஆடி, நிமிர்ந்தது. இரண்டாவது பந்தும் அதைத் தொடவில்லை. அரங்கில் பாதிப்பேர் எழுந்து கைதட்டினார்கள்.

இயந்திரம் எல்லாக் கட்டைகளையும் மறுபடி அடுக்கியதும் மூலைக்கட்டை நெஞ்சை நிமிர்த்தியது.

"பார்த்தியா அண்ணே? பாதி ஜனம் நம்ம பக்கம். இன்னொரு தடவை நான் நின்னா மீதியும் எழுந்துடும். அப்புறம் நம்மை எவன் அடிப்பான்?"

எப்போதும் முதல் அடி வாங்கிக் கழுத்து வெடித்திருந்த முன்கட்டை சிரித்தது.

"கைதட்டினவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், தம்பி?"

"சட்டையை எவன் பார்த்தான்!"

அடுத்தது மஞ்சள்சட்டை வீரரின் முறை. பந்து வந்தது. மற்ற ஒன்பதும் சாய, மூலைக்கட்டை உடம்பை இறுக்கிக்கொண்டு மறுபடியும் நின்றது. முன்பு கைதட்டிய அதே பாதி, "சனியன் பிடித்த கட்டையே, விழுந்து தொலை!" என்று கத்தியது. எதிர்ப்பக்கம் எழுந்து கைதட்டியது.

இயந்திரம் மூலைக்கட்டையைத் தூக்கிப் பிடித்து, விழுந்தவர்களைப் பின்னாலிருந்த குழியில் தள்ளிவிட்டு, அதைத் தனியாக அதே இடத்தில் வைத்தது.

குழிக்குள்ளிருந்து முன்கட்டை கேட்டது: "என்ன தம்பி, மீதி ஜனமும் எழுந்துடுச்சா?"

"எழுந்துடுச்சு அண்ணே. முதல்ல எழுந்தவங்க உட்கார்ந்துட்டாங்க."

இரண்டாவது பந்து புறப்பட்டது. மூலைக்கட்டை முதன்முறையாக அரங்கைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தது.